பிறை படுத்திருக்கா, நிற்குதா? பாடப்புத்தகப் படமும் நம்ம ஊர் வானமும்

கரிசல்காட்டான் | கோவில்பட்டி | 22 ஜனவரி 2026, இரவு 8.50

எல்லாருக்கும் வணக்கம். மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறா. ஒரு மாசம் தினமும் நிலாவைப் பார்த்து நோட்டில் வரையணும்னு வீட்டுப்பாடம். போன ஞாயிறு தை அமாவாசை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மொட்டைமாடியில் இருந்து மேற்கே மெல்லிசா ஒரு பிறை தெரிஞ்சது. தோணி மாதிரி மல்லாக்கப் படுத்திருந்தது, ரெண்டு கொம்பும் மேலே. அவ அப்படியே வரைஞ்சா. மறுநாள் நோட்டில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் அடைப்புக்குறி மாதிரி நிமிர்ந்து நிற்கிற பிறையை வரைஞ்சு அனுப்பியிருக்காங்க. "வலது பக்கம் வெளிச்சம் இருந்தால் வளர்பிறை, இடது பக்கம் இருந்தால் தேய்பிறை" என்று புத்தகத்திலும் இருக்கு.

நானும் கூடவே நின்னுதான் பார்த்தேன். வெளிச்சம் வலதும் இல்லை, இடதும் இல்லை, அடியில் இருந்தது. எங்க கண்ணு சரியா, புத்தகம் சரியா?

தோணித்துறை | டொராண்டோ | 22 ஜனவரி 2026, இரவு 10.15

தம்பி, உங்கட பிள்ளை கீறினதுதான் சரி. நான் யாழ்ப்பாணத்தில வளர்ந்தனான். அங்க பிறை எண்டால் தோணிதான். இஞ்ச வந்த முதல் வருசம் புரட்டாதி மாசத்தில ஒரு பின்னேரம் பார்த்தன், பிறை செங்குத்தா நிக்குது. இதே பிறையோ எண்டு யோசிச்சன். இஞ்சையும் பங்குனி மாசத்தில கொஞ்சம் சரிஞ்சு கிடக்கும், ஆனால் ஊரில மாதிரி முழுசா மல்லாந்து படுக்காது. ஏன் எண்டு கணக்காச் சொல்ல எனக்குத் தெரியாது. தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

விண்மீன்_வேலு | திருச்சி | 23 ஜனவரி 2026, காலை 6.40

கணக்கைச் சொல்றேன். கொஞ்சம் நீளும்.

நிலாவின் வெளிச்சப் பக்கம் எப்பவும் சூரியன் இருக்கிற திசையைப் பார்த்துத்தான் இருக்கும். அதனால் கேட்க வேண்டியது ஒண்ணுதான்: பிறை தெரியிற அந்த நேரத்தில் சூரியன் அதுக்கு எந்தப் பக்கம் இருக்கு? கோவில்பட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே 9 டிகிரி சொச்சத்தில் இருக்கு. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நேர் கீழாக இறங்கி மறையும். வான நடுக்கோடு (பூமத்திய ரேகையை வானத்தில் நீட்டினா வர்ற கோடு) உங்க மேற்குத் தொடுவானத்தோடு 81 டிகிரி கோணத்தில் நிற்குது. லண்டனில் அதே கோணம் 38 டிகிரிதான், அதனால் அங்கே சூரியன் வலப்பக்கமா வழுக்கிக்கிட்டே மறையும். அவங்களுக்குப் பிறையின் வலது கீழ்ப்பக்கம் வெளிச்சம். நமக்கு அடிப்பக்கம் வெளிச்சம்.

இதிலேயே மாசத்துக்கு மாசம் வித்தியாசம் உண்டு. சூரியனும் நிலாவும் போற பாதை வான நடுக்கோட்டுக்கு 23.4 டிகிரி சாய்ந்தது. தென் தமிழ்நாட்டில் ஜனவரி நடுவிலும் மே கடைசியிலும் அந்தப் பாதை மேற்கில் ஏறத்தாழ செங்குத்தா நிற்கும், அப்போ பிறை அச்சு அசல் தோணி. செப்டம்பர், அக்டோபரில் பாதை இடப்பக்கம், அதாவது தெற்கே நல்லா சாயும். வெளிச்சம் வலது கீழே வரும், புத்தகப் படத்துக்குக் கொஞ்சம் கிட்டே. மார்ச்சில் வேடிக்கை: பாதை வலப்பக்கம் சாயுறதால் வளர்பிறைக்கு வெளிச்சம் *இடது* கீழே வரும். புத்தக விதிப்படி பார்த்தா அது தேய்பிறை! நிலாவோட பாதைக்குன்னு தனியா 5 டிகிரி சாய்வு இருக்கிறதால் இதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே மாறும். ஆனா உங்க மகள் பார்த்த செவ்வாய்க்கிழமை நிலா அந்தப் பாதையை ஒட்டியேதான் இருந்தது. தோணியா தெரிஞ்சதில் ஆச்சரியமே இல்லை.

புத்தகப் படம் பொய் இல்லை. 40, 50 டிகிரி வடக்கே நின்னு தெற்கே பார்க்கிறவருக்கு அது சரி. அதை நம்ம பிள்ளைகளுக்கு எந்த மாத்தமும் இல்லாமல் அச்சடிச்சுக் கொடுக்கிறதுதான் வம்பு. உலகத்தில் எங்கே நின்னாலும் பொருந்துற விதி நேரத்தை வெச்சுச் சொல்றது: சூரியன் மறைஞ்சதும் மேற்கே தெரிஞ்சா வளர்பிறை, விடியுறதுக்கு முன்னே கிழக்கே தெரிஞ்சா தேய்பிறை.

சோதனை வேணுமா? வர்ற 26-ஆம் தேதி திங்கள்கிழமை அரை நிலா. சாயங்காலம் ஆறரை மணிக்கு உங்க உச்சந்தலைக்குக் கொஞ்சம் வடக்கே நிற்கும். மகளைக் கூட்டிக்கிட்டுப் போய் முதலில் வடக்கே பார்த்து நின்னு பார்க்கச் சொல்லுங்க, அப்புறம் தெற்கே திரும்பி நின்னு தலையைப் பின்னால் சாய்ச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

சும்மாதான்_வந்தேன் | 23 ஜனவரி 2026, காலை 7.05

சிவபெருமான் தலையில் பிறை எப்பவும் கொம்பு மேலேதான் இருக்கு. சிற்பிக்குத் தெரிஞ்சிருக்கு!

கங்காருநாட்டு_கந்தன் | சிட்னி | 23 ஜனவரி 2026, காலை 9.30

எங்க நிலைமை இன்னும் மோசம். இங்கே வளர்பிறைக்கு வெளிச்சம் இடது பக்கம். ஊரில் இருந்து பேரப்பிள்ளைகளுக்குன்னு வாங்கிவந்த அறிவியல் புத்தகத்தைத் தலைகீழாப் பிடிச்சுத்தான் சொல்லிக் கொடுத்தேன். பௌர்ணமி நிலாவும் தலைகீழ். நிலாவின் தெற்குப் பக்கத்து டைக்கோ பள்ளம் மேலே இருக்கும்.

பைனாகுலர்_பாய் | கீழக்கரை | 23 ஜனவரி 2026, பிற்பகல் 2.10

பிறை பார்க்கிற ஊர்க்காரன் என்பதால் நானும் வந்துட்டேன். நோன்புக்கும் பெருநாளுக்கும் கடற்கரையில் நின்னு பிறை தேடுறவங்களுக்கு வேலு சொன்ன சாய்வு கைப்பழக்கத்திலேயே தெரியும். சூரியன் மறைஞ்ச இடத்துக்கு நேர் மேலேயா, இடப்பக்கமா, வலப்பக்கமா என்று மாசத்தை வெச்சுத்தான் கண்ணை ஓட்டுவோம். தப்பான இடத்தில் தேடினா அந்தப் பத்துப் பதினைந்து நிமிஷமும் வீணாப் போயிடும்.

அடுத்த அமாவாசை பிப்ரவரி 17, இந்திய நேரம் மாலை ஐந்தரை மணி. அன்றைக்கு ஒரு மணி நேரத்தில் சூரியன் மறைஞ்சிடும், பிறை தெரிய வாய்ப்பே கிடையாது. சூரியனிடமிருந்து 7 டிகிரியாவது நிலா விலகினால்தான் பிறை என்று ஒண்ணு உருவாகும். பிரெஞ்சு வானியலாளர் டான்ஜோன் கண்டுபிடிச்ச எல்லை அது. மறுநாள் 18-ஆம் தேதி சூரியன் மறையும்போது நிலாவுக்கு வயசு 25 மணி நேரம். மேகம் இல்லைன்னா வெறும் கண்ணுக்கே கிடைக்கும். வெறுங்கண்ணால் பார்த்த சாதனை 1990-ல், வயசு 15 மணி 32 நிமிஷம். அதெல்லாம் மலை உச்சியில் உட்கார்ந்து பார்க்கிறவங்க கதை, கீழக்கரை கடற்காற்றில் நடக்காது.

பொதுஅறிவு_பொன்னையா | சேலம் | 24 ஜனவரி 2026, இரவு 9.00

ஒரு அடிப்படைச் சந்தேகம். பூமியோட நிழல் விழுறதால்தானே நிலா தேயுது? அப்போ சூரியனோட திசை பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

விண்மீன்_வேலு | திருச்சி | 24 ஜனவரி 2026, இரவு 9.45

இல்லை ஐயா. பூமியின் நிழல் விழுந்தா அது கிரகணம். பிறை வேறு சமாச்சாரம். 26-ஆம் தேதி பிற்பகல் மூணு மணிக்கு வெளியே வந்து பாருங்க. மேற்கே சூரியன், கிழக்கே பாதி நிலா, ரெண்டும் ஒரே நேரத்தில் தெரியும். பூமியின் நிழல் சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம்தான் விழும். அந்த நேரத்தில் அது கிழக்குத் தொடுவானத்துக்குக் கீழே கிடக்கு. அது எப்படி நிலாவில் பாதியை மறைக்கும்? நிலாவுக்கும் ஒரு பகல் பக்கம், ஒரு இரவுப் பக்கம். பகல் பக்கத்தில் எவ்வளவு நமக்குத் தெரியுதோ அதுதான் பிறை.

அப்போ பௌர்ணமிதோறும் ஏன் கிரகணம் வரலைன்னு அடுத்துக் கேட்பீங்க. அந்த 5 டிகிரி சாய்வுதான் காரணம். நிலா வானத்தில் அரை டிகிரி அகலம். பெரும்பாலான பௌர்ணமிகளில் நிழலுக்கு மேலேயோ கீழேயோ தப்பிச்சுப் போயிடும். ரெண்டு பாதையும் வெட்டிக்கிற புள்ளிகளைத்தான் பஞ்சாங்கத்தில் ராகு, கேதுன்னு சொல்றோம். அந்தப் புள்ளியை ஒட்டிப் பௌர்ணமி வந்தால்தான் சந்திர கிரகணம். ஏறத்தாழ ஆறு மாசத்துக்கு ஒருமுறை அந்த வாய்ப்பு வரும். போன செப்டம்பர் 7-இல் வந்தது, வர்ற மார்ச் 3-இல் மறுபடி வருது. ரெண்டுக்கும் நடுவில் சரியா ஆறு சந்திர மாசம்.

மல்லிகை | மதுரை | 25 ஜனவரி 2026, காலை 11.20

எங்க அம்மா நிலாவில் முயல் இருக்கும்பாங்க. என் பையனுக்குப் பாட்டி வடை சுடுறதுதான் தெரியுது. நானும் எத்தனையோ பௌர்ணமி பார்த்துட்டேன், சில நாள் முயல் தெரியுது, சில நாள் ஒண்ணும் பிடிபடலை. எந்தக் கறை எதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

பைனாகுலர்_பாய் | கீழக்கரை | 25 ஜனவரி 2026, மாலை 5.30

அக்கா, முயல் பார்க்கிறதுக்கு நேரம் இருக்கு. பௌர்ணமி நிலா கிழக்கே எழும்பும்போதே பாருங்க. அப்போதான் முயல் காதைத் தூக்கிக்கிட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். நிலாவின் கருப்புக் கறைகளுக்கு "மாரே"ன்னு பேர், லத்தீனில் கடல். ரெண்டு காதும் மாரே ஃபெகுன்டிடாடிஸ், மாரே நெக்டாரிஸ். தலை மாரே டிராங்குவிலிடாடிஸ், 1969 ஜூலை 20-இல் அப்பல்லோ 11 இறங்கின இடம் அதில்தான். உடம்பு செரெனிடாடிஸ், அதுக்கு அப்பால் இம்ப்ரியம். காதுகளுக்குப் பக்கத்தில் தனியா ஒரு சின்ன வட்டக் கறை தெரியும், அது மாரே கிரிசியம். அதை அடையாளமா வெச்சுக்குங்க. நிலா உதிக்கையில் கிரிசியம் மேல் பக்கம் இருக்கும்.

நிலா உச்சிக்கு வந்து மேற்கே இறங்கும்போது நம்ம அட்சரேகையில் படம் கிட்டத்தட்ட 160 டிகிரி திரும்பிடும். விடியக்காலையில் கிரிசியம் அடியில் கிடக்கும், முயல் தலைகீழாத் தொங்கும். நீங்க பிடிபடலைன்னு சொன்ன நாட்களில் நேரம் கழிச்சுப் பார்த்திருப்பீங்க. நிலா புரளலை, நாம அதைத் தொடர்ந்து திரும்பி நிற்கிறோம், அவ்வளவுதான்.

பாட்டியை நான் எங்கே தேடியும் காணோம். வடை மட்டும் கோப்பர்னிகஸ் பள்ளமா இருக்கலாம்.

மல்லிகை | மதுரை | 25 ஜனவரி 2026, மாலை 6.02

பையன் கேட்கிறான், அந்தக் கறை எல்லாம் தண்ணியான்னு. "கடல்"னு பேர் வெச்சிருக்காங்களே.

சித்தம்பூண்டிக்காரன் | நாமக்கல் | 25 ஜனவரி 2026, இரவு 8.15

இந்தக் கேள்விக்கு எங்க ஊர் வழியா பதில் சொல்ல ஆசை. கொஞ்சம் பெருமை அடிச்சுக்கிறேன், மன்னிக்கணும்.

கருப்பாத் தெரியுறது தண்ணி இல்லை, பசால்ட் பாறை. பெரிய விண்கற்கள் மோதி உண்டான பள்ளங்களில் பின்னால் எரிமலைக் குழம்பு பொங்கி நிரம்பி உறைஞ்சது. பெரும்பகுதி 300 கோடியிலிருந்து 390 கோடி வருஷம் பழசு. பழைய ஐரோப்பியர்கள் அதைக் கடல்னு நம்பிப் பேர் வெச்சுட்டாங்க. வெள்ளையாப் பளபளக்கிற மேட்டுநிலம் அனார்த்தோசைட் என்ற பாறை. நிலா உருவான புதுசில் மேற்பரப்பு முழுக்க உருகின குழம்பா இருந்தது, அதில் லேசான தாது மேலே மிதந்து கெட்டியாகி மேலோடு ஆச்சு, கனமானது அடியில் அமுங்கிப் போச்சு. மேலே மிதந்ததுதான் இந்த வெள்ளைப் பாறை.

பூமியில் இந்தப் பாறை எல்லா இடத்திலும் கிடைக்காது. எங்க நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை சுற்றுவட்டாரத்தில் இருக்கு. சந்திரயான்-2 லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலா மண் மாதிரியான மண் இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டது. பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறைக்காரங்க உதவியோட எங்க பாறை டன் கணக்கில் போச்சு. அதை அரைச்சுத் தூளாக்கி, பெங்களூரில் செயற்கை நிலாத்தரை போட்டு, அதில் சக்கரத்தை ஓட்டிப் பார்த்தாங்க. அந்த மண் தயாரிக்கிற முறைக்கு இஸ்ரோ காப்புரிமையும் வாங்கியிருக்கு. சின்ன வயசில் அந்தப் பாறை மேலே உட்கார்ந்து மாங்காய் தின்னவன் நான். அது நிலாவோட உறவுக்காரன்னு அப்போ யாரும் சொல்லலை.

நிர்வாகி | 25 ஜனவரி 2026, இரவு 10.40

அப்பல்லோ பொய், கொடி அசைஞ்சது என்ற நாலு பதிவுகள் "நம்பினால் நம்புங்கள்" பகுதிக்கு மாற்றப்பட்டன. இந்த இழை நிலாவுக்கு மட்டும்.

கரிசல்காட்டான் | கோவில்பட்டி | 27 ஜனவரி 2026, காலை 7.30

வேலு சார், நேற்று குடியரசு தினம் லீவு, மூணு மணிக்கே மாடி ஏறிட்டோம். சூரியனும் பாதி நிலாவும் ஒண்ணாத் தெரிஞ்சது. ஆறரைக்கு மறுபடி போனோம். வடக்கே பார்த்து அண்ணாந்தா வெளிச்சம் இடப்பக்கம். தெற்கே திரும்பி நின்னு தலையைச் சாய்ச்சா வலப்பக்கம். எனக்குக் கழுத்துப் பிடிச்சுக்கிச்சு. மகள் நோட்டில் ரெண்டு படத்தையும் வரைஞ்சு, "ஒரே நாள், ஒரே நேரம், ஒரே நிலா"ன்னு எழுதிட்டா. ராத்திரி பதினோரு மணிக்கு எழுப்பச் சொன்னா, மேற்கே வெளிச்சம் அடியில் வந்திருந்தது. மூணாவது படம்.

பைனாகுலர் பாய்க்கு ஒரு கேள்வி. பக்கத்து வீட்டில் ஒரு பைனாகுலர் இருக்கு, 10×50-ன்னு போட்டிருக்கு. பள்ளம் எல்லாம் தெரியுமா? பௌர்ணமி வரைக்கும் காத்திருக்கலாமா?

பைனாகுலர்_பாய் | கீழக்கரை | 27 ஜனவரி 2026, பிற்பகல் 1.00

பௌர்ணமிக்குக் காத்திருக்கவே வேண்டாம். பள்ளம் பார்க்கிறதுக்கு அதைவிட மோசமான நாள் கிடையாது. அன்றைக்கு வெயில் நிலாத்தரையில் நேர் எதிரே அடிக்கும், நிழல் இருக்காது, எல்லாம் தட்டையா வெளுத்துத் தெரியும். இன்றைக்கு, நாளைக்கு, நாளன்னிக்குப் பாருங்க. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோட்டை ஒட்டியே கண்ணை ஓட்டுங்க. அங்கேதான் சூரியன் இப்போ உதிச்சுக்கிட்டிருக்கு, சின்ன மேட்டுக்கும் நீள நிழல் விழும்.

இன்று அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் அப்பென்னைன் மலைத்தொடர் வளைஞ்சு கிடக்கும். சில சிகரங்கள் 5 கிலோமீட்டருக்கும் மேல். அது இம்ப்ரியம் கடலோட கரை. நாளைக்குள் கோப்பர்னிகஸ் வெளிச்சத்துக்கு வந்திடும், 93 கிலோமீட்டர் அகலம், படி படியா இறங்குற சுவர், நடுவில் குன்றுகள். 10×50-இல் ஒரு வட்டக் குழின்னு தெரியும், படிக்கட்டு பார்க்கணும்னா டெலஸ்கோப் வேணும். தெற்கே கிளேவியஸ் 200 கிலோமீட்டருக்கு மேல் அகலம், அதுக்குள்ளேயே சின்னச் சின்னப் பள்ளங்கள் ஒரு வளைவா வரிசை கட்டி நிற்கும். எனக்கு நிலாவில் பிடிச்ச இடமே அதுதான். கை நடுங்கும், பைனாகுலரைச் சுவரில் முட்டுக் கொடுத்துப் பிடிங்க.

பௌர்ணமிக்குன்னு ஒரே ஒரு காட்சி உண்டு. டைக்கோ பள்ளத்திலிருந்து நாலாபக்கமும் வெள்ளைக் கோடுகள் நிலா முழுக்க ஓடும். மோதினபோது சிதறின தூள். டைக்கோவுக்கு வயசு ஏறத்தாழ 11 கோடி வருஷம், நிலாவில் அது பச்சைக் குழந்தை. அதனால்தான் கோடு இன்னும் மங்காமல் இருக்கு.

தோணித்துறை | டொராண்டோ | 27 ஜனவரி 2026, இரவு 9.50

சந்திரயான்-3 விக்ரம் லேண்டர் இறங்கின இடம் தெரியுமோ?

சித்தம்பூண்டிக்காரன் | நாமக்கல் | 28 ஜனவரி 2026, காலை 8.20

இடத்தைக் குறிக்கலாம், லேண்டரைப் பார்க்க முடியாது. தெற்கே 69 டிகிரி, நிலாவின் கீழ்க்கோடிக்குப் பக்கத்தில் பள்ளத்து மேல் பள்ளமா நெரிசலான மேட்டுநிலம்.

ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04-க்கு விக்ரம் இறங்கினப்போ நம்ம வானத்தில் கிட்டத்தட்ட அரை நிலா. தற்செயல் இல்லை. அந்த இடத்தில் அப்போதான் சூரியன் உதிச்சு மேலே வந்துகிட்டிருந்தது. நிலாவில் ஒரு பகல் நமக்குப் பதினாலு நாள். சோலார் பேனல் அந்தப் பதினாலு நாள்தான் உழைக்கும், அதனால் காலையிலேயே இறங்கணும். செப்டம்பர் தொடக்கத்தில் ரோவரையும் லேண்டரையும் தூங்க வெச்சாங்க, அப்புறம் எழும்பலை. அதுக்குள்ளே லேண்டர் மண்ணில் ஒரு வெப்பமானியைச் செருகிப் பார்த்தது. மேலே 50 டிகிரிக்கும் அதிகம், 8 சென்டிமீட்டர் ஆழத்தில் மைனஸ் 10. ஒரு சாண் கூட இல்லை, 60 டிகிரி வித்தியாசம்! அவ்வளவு மோசமான வெப்பக் கடத்தி அந்த மண். திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர்.

கும்பகோணம்_சேது | 29 ஜனவரி 2026, காலை 10.00

இளைஞர்கள் டெலஸ்கோப், சந்திரயான் என்று பேசுவது மகிழ்ச்சி. கிரகணம் பற்றி வேலு தம்பி ராகு கேதுவோடு நிறுத்திவிட்டார். எங்கள் தாத்தா காலம் வரை வீட்டில் வாக்கியக் கணிதம் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் எழுதுகிறேன்.

நிலா ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமிக்கு அருகே வரும்போது வேகம், தொலைவில் மெதுவு. அந்த ஏற்றத்தாழ்வு 27.55 நாளுக்கு ஒருமுறை திரும்பும். ஒன்பது சுற்று சேர்ந்தால் 247.99, அதாவது 248 நாள். எனவே 248 நாளுக்கும் நிலா எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கும் என்று நாளுக்கு ஒரு வாக்கியம். வரருசி வாக்கியம் என்று பெயர். முதல் வாக்கியம் "கீர்ந ச்ரேய". எழுத்துக்கு எண் வைக்கும் கடபயாதி முறையில் 3, 0, 2, 1. பின்னாலிருந்து படித்தால் 12 பாகை (டிகிரி) 03 கலை (பாகையில் அறுபதில் ஒரு பங்கு). நிலா மிக மெதுவாகப் போகும் நாளில் நகரும் தூரம் அது. அட்டவணை முழுவதும் இப்படி மனப்பாடமாக இருக்கும். ஏடு தேவையில்லை.

ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரி புதுச்சேரியில் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரரைச் சந்தித்தார். அவர் தரையில் சோழிகளை அடுக்கி, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே 1825 மே 31, ஜூன் 1 இரவில் நடந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். ஆதாரத்தோடு வாரன் அச்சிட்டிருக்கிறார்.

தர்க்கம் | சென்னை | 29 ஜனவரி 2026, நண்பகல் 12.30

சேது ஐயா, அந்தக் கணக்கின் பிழையையும் சேர்த்துச் சொல்லுங்கள். தொடக்கம் 4 நிமிடம், நடுப்பகுதி 23 நிமிடம், முடிவு 52 நிமிடம் பிசகியது. அந்தக் கணக்குப் போட்டவருக்கு அதன் பின்னாலுள்ள கோட்பாடு எதுவும் தெரியாது என்றும் வாரன் எழுதியிருக்கிறார். அதே காலத்தில் ஐரோப்பிய அட்டவணைகள் இதைவிட எவ்வளவோ துல்லியம். மனப்பாடத்தை அறிவியல் என்று சொல்ல முடியாது.

கும்பகோணம்_சேது | 29 ஜனவரி 2026, மாலை 4.15

பிழையை மறைக்கும் எண்ணம் இல்லை. ஆனால் ஒரு வரி கூட எழுதாமல், சோழியை வைத்து, கிரகணத் தொடக்கத்தை 4 நிமிடத்துக்குள் சொன்னவரை இன்றைக்கு எங்கே தேடுவீர்கள்?

விண்மீன்_வேலு | திருச்சி | 29 ஜனவரி 2026, இரவு 9.20

ரெண்டு பேருக்கும் நடுவில் இன்னொரு சாட்சியை நிறுத்துறேன். லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் வெள்ளி இடைநகர்வை, அதாவது சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி கிரகம் கடக்கிறதைப் பார்க்க இந்தியாவுக்கு வந்தவர். 1761-இல் போர் காரணமாக் கடலிலேயே மாட்டிக்கிட்டார். எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூன் 4 காலை புதுச்சேரியில் தயாரா நின்னா, மேகம் மூடிடுச்சு. பாவம். ஆனா அந்தக் காத்திருப்பில் ஒரு தமிழரிடம் இந்தக் கணக்கைப் பழகினார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிச்சதுன்னு ஒப்பிட்டுப் பார்த்தா, தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைவு. ஐரோப்பாவில் அப்போ பேர் பெற்ற டோபியஸ் மாயர் அட்டவணை 68 விநாடி கூடுதல்.

தர்க்கம் இதுக்குப் பதில் வெச்சிருப்பார்: நீடிப்பு சரியா வந்தா நேரமும் சரின்னு அர்த்தம் இல்லை, ஒரு கிரகணத்தை வெச்சு முடிவு கட்டவும் முடியாது. ஒத்துக்கிறேன். ஆனா 248 நாள் சுழற்சியை முதலில் கண்டுபிடிச்சு வாக்கியமாக் கட்டினவர் மனப்பாடக்காரர் இல்லை. நூறு தலைமுறையும் வானியல் படிக்க முடியாதுன்னு தெரிஞ்சு, படிக்காதவரும் கணக்குப் போடுற மாதிரி சுருக்கிக் கொடுத்திருக்கார். வாரன் பார்த்தது அந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்துறவரை.

தர்க்கம் | சென்னை | 29 ஜனவரி 2026, இரவு 9.55

கட்டியவருக்கு என் வணக்கம். பிறகு அதைத் திருத்தாமல் அப்படியே வைத்திருந்தவர்கள் மேல்தான் என் கோபம். இன்றைக்கும் வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும், இன்றைய வானியல் கணக்கைப் பின்பற்றும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் திதி முடியும் நேரம் சில மணி நேரம் வரை வேறுபடுகிறது. நிலா ஒன்றுதானே.

மல்லிகை | மதுரை | 30 ஜனவரி 2026, காலை 9.10

திதிச் சண்டையைப் பெரியவங்க பார்த்துக்கட்டும். எங்க வீட்டில் செப்டம்பர் கிரகணத்தன்னிக்குப் பாத்திரத்தில் எல்லாம் தர்ப்பை. நான் மட்டும் மாடியில் போய்ப் பார்த்தேன், முழுசா மறையும்னு நினைச்சா செம்பு நிறத்தில் தொங்கிச்சு. நிழலுக்குள்ளே போனது எப்படித் தெரியுது?

விண்மீன்_வேலு | திருச்சி | 30 ஜனவரி 2026, மாலை 6.30

பூமியைச் சுற்றிக் காற்று இருக்கே, அது சூரிய ஒளியை வளைச்சு நிழலுக்குள்ளே அனுப்புது. நீலம் வழியிலேயே சிதறிடும், சிவப்பு போய்ச் சேரும். அந்த நேரத்தில் பூமியில் எங்கெல்லாம் சூரியன் உதிக்குதோ மறையுதோ, அத்தனை ஊர்ச் செவ்வானமும் சேர்ந்துதான் நிலா மேலே விழுது. காற்றில் தூசி கூடினா நிறம் கருக்கும். 1991-இல் பினாடுபோ எரிமலை வெடிச்சதுக்கு அப்புறம் 1992 டிசம்பரில் வந்த கிரகணத்தில் நிலா கண்ணுக்கே தெரியாத அளவு இருண்டது.

செப்டம்பர் 7 நேரம் குறிச்சு வெச்சிருக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. கருநிழல், அதாவது பூமி நிழலின் முழு இருட்டுப் பகுதி, தொட்டது இரவு 9.57. முழுசா உள்ளே போனது 11.01. வெளியே வர ஆரம்பிச்சது 12.22. ஆக நிலா தன் முழு உடம்பையும் நிழலுக்குள் இழுத்துக்க 64 நிமிஷம், நிழலின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை போக 145 நிமிஷம். வகுத்தா சுமார் 2.3. அன்றைக்கு நிலா நிழலின் நடுவில் போகாமல் ஓரமாக் குறுக்கே போனதால் இது குறைவு. அதையும் சேர்த்தா பூமியின் நிழல் அந்தத் தூரத்தில் நிலாவைப்போல 2.7 மடங்கு அகலம். கைக்கடிகாரம் மட்டும் போதும். ரெண்டாயிரத்து முன்னூறு வருஷத்துக்கு முன்னே அரிஸ்டார்கஸ் இதே யோசனையில்தான் ரெண்டு மடங்குன்னு வெச்சு நிலாவின் அளவைக் கணக்கிட்டார்.

தர்ப்பை விஷயம்: நிலா வெளிச்சம் குறையுது, வேற எதுவும் நடக்கலை. சாப்பிடுங்க.

சிராங்கூன்_சிவா | சிங்கப்பூர் | 31 ஜனவரி 2026, இரவு 8.00

மார்ச் 3 எங்களுக்கு எப்படி?

விண்மீன்_வேலு | திருச்சி | 31 ஜனவரி 2026, இரவு 8.40

உங்களுக்கு யோகம். சிங்கப்பூர், கோலாலம்பூரில் நிலா சிவந்தபடியே உதிக்கும். உங்க நேரம் 8.03 வரைக்கும் முழுக் கிரகணம், அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சம் வரும். எழும்பும்போது வானம் இன்னும் வெளுப்பா இருக்கும், சிவப்பைக் கண்டுபிடிக்கச் சிரமம். 7.40-க்கு மேல் தேடுங்க. சிட்னி கந்தனுக்கு அதைவிட யோகம், இரவு பத்து மணிக்கு மேல் நிலா உயரத்தில் இருக்கும்போதே முழுக் கிரகணம்.

தமிழ்நாட்டில் நமக்கு வால் மட்டும்தான். இந்திய நேரம் 5.33-க்கே முழுக் கிரகணம் முடிஞ்சிடும், அப்போ நிலா உதிச்சிருக்காது. சென்னையில் 6.20 வாக்கில் எழும்பும், தென்கோடியில் ஆறரை ஒட்டி. 6.47-க்குக் கருநிழல் விலகிடும். இடைப்பட்ட நேரத்தில் ஒரு ஓரம் கடிபட்ட மாதிரி தெரியும், அதுவும் தொடுவானத்தை ஒட்டியே.

கரிசல்காட்டான் | கோவில்பட்டி | 31 ஜனவரி 2026, இரவு 9.05

மரம், கட்டடம் தாண்டித் தெரியுமா? தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போயிடலாமா? கண்ணாடி ஏதாவது போடணுமா?

பைனாகுலர்_பாய் | கீழக்கரை | 31 ஜனவரி 2026, இரவு 9.30

தூத்துக்குடிதான் சரி, கிழக்கே வெறும் கடல். கண்ணாடி வேண்டாம், அது சூரிய கிரகணத்துக்கு. பைனாகுலரை மறக்காதீங்க, வெறும் கண்ணில் ஓரத்து நிழல் பிடிபடாமல் போகலாம். செவ்வாய்க்கிழமை வேலைநாள், ஐந்து மணிக்காவது கிளம்பணும்.

முழுசாப் பார்க்கணும்னா 2028 டிசம்பர் 31-க்குக் காத்திருங்க. இரவு 9.46-லிருந்து 10.58 வரை முழுக் கிரகணம், நிலா நல்லா உயரத்தில். மழைக்காலமும் அப்போ அனேகமா ஓய்ஞ்சிருக்கும்.

மல்லிகை | மதுரை | 31 ஜனவரி 2026, இரவு 9.41

அன்னிக்குப் புத்தாண்டு நடுராத்திரிக் கேக் வேற வெட்டணும். தர்ப்பையை அது மேலேயும் போடுவாங்க எங்க வீட்டில்.